சாலையோர வியாபாரிக்குச் சட்டப்படி அடையாளம்: எந்தக் காகிதம் எதற்குச் செல்லும்?

கடைவீதி_கணக்கு

ஒரு பேரூராட்சிக் கடைவீதியில் எழுபது பேர் தரைக்கடை, தள்ளுவண்டி, கூடை வைத்து வியாபாரம் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிலரிடம் இ-ஷ்ரம் அட்டை, சிலரிடம் நலவாரிய அட்டை, சிலரிடம் தெரு வியாபாரிகளுக்கான மத்திய அரசின் பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் கடன் வாங்கியபோது கிடைத்த பரிந்துரைக் கடிதம். மீதிப் பேரிடம் தினசரி சுங்கச் சீட்டு மட்டும். "ரோடு அகலப்படுத்துகிறோம், வாரக் கடைசிக்குள் எடுத்துவிடுங்கள்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். இவர்களில் யார் சட்டத்தின் பார்வையில் வியாபாரி? எந்தக் காகிதத்தைக் காட்டினால் நிற்கும்? விஷயம் தெரிந்தவர்கள் வரிசைப்படி சொல்லுங்கள். "வக்கீலைப் பாருங்கள்" என்று ஒற்றை வரியில் முடிக்க வேண்டாம்.

தராசுமுள்

ஒவ்வொரு காகிதமும் ஒவ்வொரு வேலைக்கானது. ஒன்றைக் காட்டி இன்னொன்றின் உரிமையைக் கேட்பதுதான் பெரும்பாலான மனுக்கள் திரும்பி வரக் காரணம்.

இ-ஷ்ரம் என்பது அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் தரவுப் பதிவு. 2021 ஆகஸ்டில் தொடங்கியது. 12 இலக்க எண் தருவார்கள். எங்கே கடை போடுகிறீர்கள் என்பது அதில் கணக்கே இல்லை.

நலவாரிய அட்டை தமிழ்நாடு அரசின் தெருவோர வணிகர்கள் மற்றும் கடைகள், நிறுவனங்கள் தொழிலாளர்கள் வாரியம் தருவது. 18 வயது முதல் 60 வரை பதியலாம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், மகப்பேறு, விபத்து மரணம், 60க்குப் பிறகு ஓய்வூதியம் என்று பணப்பலன் இதில்தான் வரும். ஆனால் நடைபாதையில் நிற்கும் உரிமையை இது தராது.

ஸ்வநிதி பரிந்துரைக் கடிதம் கடனுக்கானது. உள்ளாட்சியின் தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்கள் வங்கிக்குப் போக முடியாமல் நிற்கக் கூடாது என்பதற்காக உள்ளாட்சி அமைப்பு "இவர் இங்கே வியாபாரம் செய்கிறார்" என்று எழுதித் தருவது. உரிமம் அல்ல. ஆனால் சாட்சியமாக இதற்குப் பெரிய மதிப்பு உண்டு, ஏனென்றால் எழுதித் தந்ததே அந்தப் பேரூராட்சிதான். நாளைக்கு "இவர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது" என்று அவர்களால் சொல்ல முடியாது.

இடத்தைப் பற்றிப் பேசுகிற ஒரே காகிதம் விற்பனைச் சான்றிதழ். 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெரு வியாபார ஒழுங்குமுறை) சட்டத்தின் 4ஆம் பிரிவில் வருவது. அந்தச் சட்டம் 2014 மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6ஆம் பிரிவின்படி சான்றிதழோடு அடையாள அட்டையும் தர வேண்டும். நிலையான கடையா, நடமாடும் வியாபாரமா என்பதும் அதில் இருக்கும்.

எழுபது பேரில் சான்றிதழ் வைத்திருப்பவர் எத்தனை பேர், கணக்கெடுப்பில் பெயர் உள்ளவர் எத்தனை பேர், இரண்டும் இல்லாதவர் எத்தனை பேர் என்று முதலில் மூன்று பட்டியல் போடுங்கள். சட்டம் இந்த மூன்று கூட்டத்தையும் வெவ்வேறாக நடத்துகிறது.

கடைவீதி_கணக்கு

சான்றிதழ் யாரிடமும் இல்லை. கணக்கெடுப்பு நடந்ததாகச் சொல்கிறார்கள், பட்டியலைப் பார்த்தவர் இல்லை.

தராசுமுள்

அப்படியென்றால் 3ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைப் பிடியுங்கள். கணக்கெடுப்பு முடிந்து எல்லா வியாபாரிகளுக்கும் சான்றிதழ் வழங்கப்படும் வரை எந்த வியாபாரியையும் வெளியேற்றவோ இடம் மாற்றவோ கூடாது என்கிறது அது. இங்கே பலர் 18ஆம் பிரிவின் 30 நாள் நோட்டீஸைக் கேட்டு மனு எழுதிவிடுகிறார்கள். அந்த 30 நாள், "சான்றிதழில் குறிப்பிட்ட இடத்திலிருந்து" அகற்றுவதற்கானது. சான்றிதழே இல்லாதவர் அதைக் கேட்டால், "உங்களிடம்தான் சான்றிதழ் இல்லையே, 18ஆம் பிரிவிலேயே சான்றிதழ் இல்லாதவரை அகற்றலாம் என்று இருக்கிறதே" என்று பதில் வரும். சான்றிதழ் தராதது யார் குற்றம் என்ற கேள்வியை 3(3) தான் எழுப்புகிறது. மனுவின் முதல் பத்தியிலேயே அது வர வேண்டும்.

இன்னொன்று. இந்தச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, கன்டோன்மெண்ட் பகுதிகளுக்கானது. கிராம ஊராட்சி எல்லைக்குள் கடை இருந்தால் இந்த வழி ஓடாது. ரயில்வேக்குச் சொந்தமான நிலம், நடைமேடை, ரயில் பெட்டி ஆகியவையும் 1ஆம் பிரிவிலேயே விலக்கப்பட்டிருக்கின்றன. ஸ்டேஷன் வாசலில் கடை போடுபவர், தான் நிற்கிற தரை யாருடையது என்று சர்வே எண்ணை வைத்து முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். நாலு அடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் சட்டமே மாறிவிடும்.

கோப்புக்கட்டு

அலுவலகப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். கணக்கெடுப்பு எங்கே கெட்டுப்போகிறது என்று தெரிந்தால்தான் திருத்த முடியும்.

முதல் கோளாறு நேரம். கணக்கெடுப்பவர் அலுவலக நேரத்தில் வருவார். விடியற்காலையில் கீரை விற்று எட்டு மணிக்கு முடிப்பவரும், மாலை ஆறுக்கு மேல் இட்லிக்கடை போடுபவரும் அவர் கண்ணிலேயே படமாட்டார்கள். வாரச் சந்தைக்கு மட்டும் வருபவர் அதைவிட மோசம், நாலு ஊரில் விற்பார், நாலு ஊர்ப் பட்டியலிலும் இருக்க மாட்டார்.

இரண்டாவது இடக்குறி. கணக்கெடுப்பு ஆப்பில் போட்டோ எடுக்கும்போது எந்த இடத்தில் நிற்கிறோமோ அதன் ஆயத்தொலைவுதான் பதிவாகும். வண்டியை நிறுத்தி வைக்கும் சந்துக்குள் வைத்து எடுத்துவிட்டால் பட்டியலில் அந்தச் சந்துதான் உங்கள் கடை. பிறகு மெயின் ரோட்டில் நிற்கும்போது "உங்கள் இடம் இது இல்லையே" என்பார்கள்.

மூன்றாவது பெயர். கடையில் உட்காருவது மனைவி, ஆதார் கேட்டபோது கணவர் வந்து தன்னுடையதை நீட்டியிருப்பார். பதிவு அவர் பெயரில் விழும். இது சின்ன விஷயம் அல்ல, சான்றிதழ், கடன், கணக்கெடுப்பையும் சான்றிதழையும் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவின் தேர்தல் ஓட்டு எல்லாம் அந்தப் பெயரோடு போய்விடும்.

நான்காவது கைபேசி எண். ஓடிபி வர வேண்டிய எண் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போயிருக்கும். இந்த ஒரு காரணத்துக்காக "தொடர்பு கொள்ள இயலவில்லை" என்று ஒதுக்கப்பட்ட பெயர்கள் எவ்வளவோ.

முகவரி பற்றிய பயம் மட்டும் தேவையில்லாதது. ஆதாரில் பக்கத்துக் கிராம முகவரி இருந்தாலும் விற்கும் இடம் பேரூராட்சிக்குள் இருந்தால் போதும். ஸ்வநிதி வழிகாட்டுதலிலேயே சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து வந்து நகரத்தில் விற்பவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு.

வண்டிச்சக்கரம்

கணக்கெடுப்பில் விட்டுப்போனவர் அடுத்த ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்று ஒரு பேச்சு இருக்கிறதே?

கோப்புக்கட்டு

வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்கெடுப்பு நடக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் 4ஆம் பிரிவில், இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவே ஒருவர் வியாபாரம் செய்ய விரும்பினால் நகர விற்பனைக் குழு அவருக்கும் சான்றிதழ் வழங்கலாம் என்று இருக்கிறது. விற்பனைக்கு ஒதுக்கிய மண்டலத்தில் எத்தனை பேருக்கு இடம் உண்டோ, அந்தக் கொள்ளளவுக்கு உட்பட்டுத்தான். "வழங்கலாம்" என்று இருப்பதால் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் மனு கொடுத்த தேதி முக்கியம். அடுத்த கணக்கெடுப்பில் "இவர் நேற்று வந்தவர்" என்று யாரும் சொல்ல முடியாது.

ஏற்கெனவே அந்த இடத்தில் விற்றவர் என்பதற்கு என்னென்ன செல்லும் என்றால்: சுங்கச் சீட்டு, அபராத ரசீது, பறிமுதல் மகஜர், ஸ்வநிதி கடன் கணக்கு, நுண்கடன் நிறுவனத்தின் அட்டை, சங்க உறுப்பினர் அட்டை, எடைத் தராசுக்கு முத்திரை போட்ட சான்று, உணவுக் கடை என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. அபராத ரசீதைக் கிழித்துப் போடுபவர்கள்தான் அதிகம். அந்தத் தேதியில் அந்த இடத்தில் கடை இருந்தது என்று அரசாங்கமே எழுதிக் கொடுத்த சாட்சி அது. அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

சுங்கச் சீட்டில் ஒரு சிக்கல். பல ஊரில் வசூல் உரிமையை ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகைதாரர் தரும் சீட்டில் கடைக்காரர் பெயர் இருக்காது, தேதியும் வரிசை எண்ணும் மட்டும் இருக்கும். மாதத்துக்கு ஒரு சீட்டையாவது எடுத்து வைத்து, பின்னால் இடத்தை எழுதி, கடை தெரிகிற மாதிரி போட்டோவும் எடுத்து வையுங்கள். மிஷினில் வரும் சீட்டு ஆறு மாதத்தில் வெளுத்துவிடும். உடனே ஜெராக்ஸ் எடுக்காவிட்டால் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும்.

நடந்துபோகிறவர்

எல்லாம் சரி. நடைபாதை நடப்பவருக்கானது இல்லையா? 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே, தடையில்லாத நடைபாதை கிடைப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கிய உரிமை என்று சொல்லிவிட்டது. சக்கர நாற்காலியில் வருபவர், கைக்குழந்தையோடு வருபவர் எல்லாம் ரோட்டில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. வியாபாரிக்கு உரிமை என்று பேசுகிற யாரும் இதற்குப் பதில் சொல்வதில்லை.

தராசுமுள்

பதில் உண்டு, அதுவும் சட்டத்துக்குள்ளேயே. 1989இல் சோதன் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு சொன்னது இரண்டு பாதி. தெருவில் வியாபாரம் செய்வது அரசியல் சட்டத்தின் 19(1)(ஜி) பிரிவின்படி தொழில் செய்யும் உரிமைக்குள் வருகிறது, ஆனால் "இந்த இடம்தான் வேண்டும்" என்று கேட்கும் அடிப்படை உரிமை யாருக்கும் இல்லை. 2014 சட்டத்தின் 29ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது: ஒதுக்கிய இடத்தின் மேல் நிரந்தர உரிமை எதுவும் உருவாகாது. சான்றிதழ் வந்தால் பட்டா வந்த மாதிரி என்று நினைக்கிற வியாபாரிகளுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும்.

அளவுக்கு வருவோம். சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் 103ஆம் வழிகாட்டுதலின்படி நடப்பவருக்குத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர். நடைபாதை 3.5 மீட்டர் அகலம் என்றால் 1.7 மீட்டர் மிஞ்சும், அதில் ஒரு வரிசைக் கடை நிற்கும். 2 மீட்டர் நடைபாதையில் நிற்காது, அங்கே கடையைத் தெருவின் வாகன நிறுத்தப் பகுதிக்கோ பக்கத்துச் சந்துக்கோ மாற்றச் சொல்லித்தான் திட்டம் கேட்க வேண்டும். மனுவோடு ஒரு கை வரைபடம் வையுங்கள்: நடைபாதையின் அகலம், மின்கம்பம், மழைநீர் வடிகால் மூடி, பஸ் நிறுத்தம், ஒவ்வொரு கடையின் நீள அகலம். டேப் வைத்து அளந்து மீட்டரில் எழுதியது. அதிகாரிகள் மேசையில் வெறும் கோரிக்கையைவிட இந்த ஒரு தாள் அதிகம் பேசும். "ஆக்கிரமிப்பு" என்று பொதுவாகச் சொல்வது போய், எந்தக் கடை எத்தனை அடி வெளியே நீட்டுகிறது என்கிற பேச்சு வரும். நீட்டுகிறவரை உள்ளே இழுக்கச் சொல்லும் வேலையைச் சங்கமே செய்வது நல்லது.

நடந்துபோகிறவர்

1.8 மீட்டர் விட்டுக் கடை போட்டால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. காலையில் 1.8 இருக்கும், சாயங்காலம் குடையும் ஸ்டூலும் வந்து 0.8 ஆகும். அதையும் திட்டத்தில் எழுதுங்கள்.

தராசுமுள்

நியாயம்தான் ஐயா. வாடிக்கையாளர் நிற்க 60 முதல் 75 சென்டிமீட்டர் கடையின் கணக்கிலேயே சேர வேண்டும், நடைபாதைக் கணக்கில் அல்ல. இதைச் சேர்க்காமல் வரைந்த திட்டங்கள்தான் சாயங்காலம் உடைகின்றன.

அதே நேரம், நெரிசலையே சாக்காக வைத்து ஒரு தெருவை "விற்பனை தடைசெய்யப்பட்ட பகுதி" என்று அறிவிக்க முடியாது. சட்டத்தின் முதல் அட்டவணையைப் படித்தவர்கள் குறைவு. அதில் இருப்பது இது: ஏற்கெனவே இருக்கும் சந்தையையோ, கணக்கெடுப்பில் கண்டறிந்த இயல்புச் சந்தையையோ (வாங்குபவரும் விற்பவரும் வழக்கமாகத் தாமே கூடும் இடம்) தடைப்பகுதி ஆக்கக் கூடாது. அறிவிப்பால் இடம்பெயரும் வியாபாரிகள் மிகக் குறைவாக இருக்க வேண்டும். கூட்டம் அதிகம் என்பது காரணமாகாது, கணக்கெடுப்பில் இல்லாத புதியவர்களுக்கு அங்கே சான்றிதழ் தருவதை மட்டும் கட்டுப்படுத்தலாம். குப்பை, சுகாதாரம் என்றால் அது முழுக்க வியாபாரிகளால்தான் வருகிறது, உள்ளாட்சியின் நடவடிக்கையால் தீர்க்க முடியாது என்று காட்ட வேண்டும். கணக்கெடுப்பும் திட்டமும் முடியாமல் எந்தப் பகுதியையும் தடைப்பகுதி என்று அறிவிக்கவே கூடாது.

இரண்டாம் அட்டவணையில் இன்னொரு வரி: 50 ஆண்டுக்கு மேல் வியாபாரம் நடந்து வரும் இயல்புச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ளவர்களை இடம் மாற்றக் கூடாது. கோயில் மாடவீதி, பழைய பஸ் நிலையம், உழவர்கள் நேரடியாக வந்து விற்கும் காய்கறித் தெரு இவையெல்லாம் இதற்குத் தகுதியாகலாம். பழைய குத்தகை ஏல அறிவிப்பு, பழைய தீர்மானப் புத்தகம் இரண்டையும் தேடுங்கள். "நாளங்காடி ஏலம்" என்று எந்த வருடத்திலிருந்து வருகிறது என்று பார்த்தால் வயது தெரிந்துவிடும்.

சங்கச்சீட்டு

தலைப்பில் அடையாளம் என்று இருக்கிறது, பேச்சு முழுக்க இடத்தைப் பற்றியே போகிறது. வியாபாரியைத் தொழிலாளி என்று ஏற்பது தனிக் கேள்வி. அதற்குச் சங்கம் எந்தச் சட்டத்தில் பதிகிறது என்பது முக்கியம்.

இங்கே பெரும்பாலும் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் "நலச்சங்கம்" என்று பதிந்துவிடுகிறார்கள். சுலபம், ஏழு பேர் போதும். தொழிற்சங்கமாகப் பதியவும் ஏழு பேர்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் மொத்த உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஒரு குறைந்தபட்சம் உண்டு, ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தாக்கல் செய்யாமல் விட்டால் பதிவு ரத்தாகும். ரத்தான சங்கத்தின் பெயரில் கொடுத்த மனுவை "அப்படி ஒரு சங்கமே இல்லை" என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். இது அடிக்கடி நடக்கிறது.

"முதலாளி இல்லாதவர்கள் தொழிற்சங்கம் வைக்க முடியுமா" என்ற கேள்வி அகமதாபாத்தில் இலா பட், சுயதொழில் செய்யும் பெண்களுக்கான சேவா அமைப்பைத் தொடங்கியபோதே வந்தது. யாரை எதிர்த்துப் போராடுவீர்கள் என்று தொழிலாளர் துறை கேட்டது. சங்கம் என்பது தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒன்றுசேர்வதற்கு, ஒருவரை எதிர்ப்பதற்கு மட்டும் அல்ல என்று வாதிட்டு 1972இல் தொழிற்சங்கமாகவே பதிந்தார்கள். அந்த வழி திறந்தே இருக்கிறது.

முக்குக்கடை

வாடகை, மின்கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் கட்டிக் கடை நடத்துபவன் வியாபாரி. அவன் வாசலை மறைத்து வண்டி போடுபவர் மட்டும் "தொழிலாளி"யா? சரக்கு வாங்கி லாபம் வைத்து விற்றால் அது வணிகம். இதில் என்ன குழப்பம்?

சங்கச்சீட்டு

உங்கள் வாசல் மறைவது தனிப் புகார், அதற்கு மேலே சொன்ன வரைபடத்திலேயே இடம் உண்டு. கடை வாசலுக்கு நேரே இவ்வளவு மீட்டர் காலி என்று எழுத வைக்கலாம். நகர விற்பனைக் குழுவில் வணிகர் சங்கப் பிரதிநிதிக்கும் இடம் இருக்கிறது, வந்து பேசுங்கள்.

லாபம் வைத்து விற்பதால் தொழிலாளி இல்லை என்று இந்தியச் சட்டம் சொல்லவில்லை. அமைப்புசாராத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2008 "சுயதொழில் செய்பவரையும்" அமைப்புசாராத் தொழிலாளி என்ற வரையறைக்குள் வைத்தது. சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020லும் அப்படியே. தமிழ்நாட்டில் தெருவோர வணிகர் வாரியமே 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் உள்ள ஏற்பாடு. 2015இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு இயற்றிய 204ஆம் பரிந்துரையும் தனியாகச் சொந்தத் தொழில் செய்பவரைச் சேர்த்தே பேசுகிறது, பொது இடத்தைப் பயன்படுத்த ஒழுங்குபடுத்திய அனுமதி என்பதையும் குறிப்பிடுகிறது.

நடைமுறையில் வித்தியாசம் இதுதான். கடைக்காரரின் வருமானம் போட்ட முதலுக்கு வருகிறது. காலையில் தண்டல்காரரிடம் வாங்கி இரவில் வட்டியோடு கட்டும் கூடைக்காரம்மாவின் வருமானம் அன்றைக்கு உட்கார்ந்த மணி நேரத்துக்கு வருகிறது. ஒரு நாள் காய்ச்சலில் படுத்தால் அன்று சம்பாத்தியம் இல்லை, தண்டல் மட்டும் ஏறும்.

கூடைத்தாம்பாளம்

பெண்கள் விஷயத்தை கோப்புக்கட்டு அண்ணன் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போய்விட்டார். சேர்க்க வேண்டியது நிறைய.

நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 15 பேர் கொண்ட குழு என்றால் 6 வியாபாரி, அதில் 2 பெண். இது குறைந்தபட்சம்தான், மேலே போக எந்தத் தடையும் இல்லை. தலைவர் ஆணையரோ செயல் அலுவலரோதான்.

ஓட்டுப்போடக் கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் வேண்டும். கணக்கெடுப்பு நடத்த வேண்டியதோ குழு. குழுவுக்கு உறுப்பினர் வேண்டுமென்றால் தேர்தல். இந்தச் சுழலில்தான் பல ஊர்கள் வருடக்கணக்கில் நின்றன. முதலில் தற்காலிகக் குழு, பிறகு கணக்கெடுப்பு, பிறகு தேர்தல் என்று உடைத்தார்கள். அப்படி நியமித்த தற்காலிகக் குழுவையே நிரந்தரமாக ஓட்டும் ஊர் இருந்தால் அதன் முடிவுகளைக் கேள்வி கேட்கலாம்.

சான்றிதழ் வாங்கும்போது எழுதித் தரும் உறுதிமொழி: நானோ என் குடும்பத்தாரோ நடத்துவோம், வேறு பிழைப்பு இல்லை, யாருக்கும் வாடகைக்கு விடமாட்டேன். சான்றிதழ் வைத்திருப்பவர் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ முதல் உரிமை கணவன் அல்லது மனைவிக்கு, அடுத்து சார்ந்திருக்கும் பிள்ளைக்கு, அதுவும் சான்றிதழின் காலம் முடியும் வரை. ஆகவே கடையில் உட்காருபவர் பெயரில்தான் சான்றிதழ் இருக்க வேண்டும். இடத்தைத் தினவாடகைக்கு விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கும் ஆட்களை இந்தச் சட்டம் காப்பாற்றாது, காப்பாற்றவும் கூடாது.

வண்டிச்சக்கரம்

2.5 சதவீதம் என்று ஒரு வரம்பு இருக்கிறதே, அதைக் காட்டித்தான் எங்கள் பக்கம் பாதிப் பேரைக் கழிக்கப் பார்க்கிறார்கள்.

கோப்புக்கட்டு

அந்தக் கணக்கு எதன்மேல் போடப்படுகிறது என்று பாருங்கள். வார்டு, மண்டலம், நகரம் அல்லது மாநகரத்தின் மக்கள்தொகையில் 2.5 சதவீதம் என்றுதான் 3ஆம் பிரிவு சொல்கிறது. கடைவீதி இருக்கும் வார்டில் குடியிருப்பவர் குறைவு. 8,000 பேர் வசிக்கும் வார்டு என்றால் 200 வியாபாரி. அங்கே நிற்பவர் 450 என்றால் 250 பேர் வெளியே. அதே நகரத்தின் மொத்த மக்கள்தொகை 1,20,000 என்றால் வரம்பு 3,000. நகரம் முழுக்க 1,400 பேர்தான் என்றால் எல்லாரும் வரம்புக்குள். ஒரே சட்டம், அடிக்கணக்கு மட்டும் மாறுகிறது. குழுக் கூட்டத்தில் "நகர அளவில் கணக்கிட வேண்டும்" என்று தீர்மானமாகக் கேட்க வேண்டிய இடம் இது. வாயால் பேசிவிட்டு வந்தால் குறிப்பில் ஏறாது, எழுத்தில் கொடுத்து நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்படியும் ஒரு மண்டலத்தின் கொள்ளளவை மீறினால் குலுக்கல். குலுக்கலில் விழாதவரை அப்படியே விடக் கூடாது, பக்கத்து மண்டலத்தில் இடம் தர வேண்டும் என்று 4(3) சொல்கிறது.

தள்ளுவண்டி_77

பறிமுதல் பற்றி யாரும் பேசவில்லையே. வண்டியோடு தூக்கிப் போய்விட்டால் என்ன செய்வது?

தராசுமுள்

19ஆம் பிரிவின்படி பறிமுதல் என்பது நோட்டீஸ் காலம் முடிந்தும் காலி செய்யாதபோதுதான். எடுப்பவர் பொருட்களின் பட்டியல் எழுதி, கையெழுத்திட்டு ஒரு பிரதியை வியாபாரிக்குத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் லாரி எண், நேரம், எடுத்த பொருட்கள் தெரிகிற மாதிரி போட்டோ. "உரிமை கோரப்படாத பொருட்கள்" என்று எழுதிவிட்டால் பிறகு மீட்பது பெரும்பாடு, அதனால் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் பாருங்கள்.

அழுகும் பொருளைக் கேட்ட அன்றே, மற்றவற்றைக் கேட்டதிலிருந்து இரண்டு வேலை நாளுக்குள், கட்டணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தர வேண்டும். கவனியுங்கள், கெடு ஓடத் தொடங்குவது பறித்த நேரத்திலிருந்து அல்ல, நீங்கள் கேட்ட நேரத்திலிருந்து. பலர் அலுவலகத்துக்குப் போய் வாயால் கெஞ்சிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். அது கணக்கில் வராது. "இன்ன தேதி, இன்ன மணிக்கு, இன்ன இடத்தில் எடுத்த தக்காளி இத்தனை கூடை, தராசு ஒன்று, வண்டி ஒன்று, திருப்பித் தரக் கோருகிறேன்" என்று இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் அலுவலக முத்திரையும் நேரமும் வாங்குங்கள். முத்திரை போட மறுத்தால் அலுவலக மின்னஞ்சலுக்கு அங்கேயே நின்று படம் எடுத்து அனுப்புங்கள், நேரம் தானே பதிவாகும்.

தராசைப் பற்றி ஒன்று. எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை, எடைக்கல்லுக்கும் கைத்தராசுக்கும் இரண்டாண்டுக்கொரு முறை முத்திரை போட வேண்டும். காலாவதி முத்திரையோடு தராசு மாட்டினால் பறிமுதலுக்கு வேறு சட்டம் வந்துவிடும், மேலே சொன்ன எதுவும் உதவாது.

கடைவீதி_கணக்கு

வாரக் கடைசிக்குள் என்று சொல்லியிருக்கும் நிலையில் என்ன வரிசையில் போக வேண்டும்?

தராசுமுள்

முதல் நாளே செயல் அலுவலருக்கு எழுபது பேர் கையெழுத்தோடு மனு, நகல் மாவட்ட ஆட்சியருக்கும் பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கும். ஒரே கூட்டு மனுவாக மட்டும் போகாதீர்கள், ஒவ்வொருவருக்கும் பெயர், விற்கும் பொருள், இடம், எத்தனை ஆண்டு, கையில் உள்ள ஆதாரம் என்று ஒரு தாள் இணையுங்கள். பிறகு யாராவது ஒருவர் பின்வாங்கினாலும் மற்றவர் மனு நிற்கும். நேரில் கொடுத்து முத்திரை, கூடவே விரைவுத் தபாலில் ஒப்புகையோடு ஒரு பிரதி.

மனுவில் மூன்று கோரிக்கை போதும்: 3(3)இன்படி அகற்றாதிருக்க, கணக்கெடுப்புப் பட்டியலை வெளியிட, விடுபட்டவர்களைச் சேர்த்துச் சான்றிதழ் வழங்க. ரேஷன் கடை, தண்ணீர்க் குழாய் என்று ஊர்க் குறையெல்லாம் சேர்த்தால் மனு வேறு பிரிவுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அதே நாளில் தகவல் உரிமை மனு. 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டினால் போதும், பதில் 30 நாளுக்குள். அகற்றுவதைத் தடுக்க இது உதவாது, வழக்குக்கு ஆதாரம் திரட்டத்தான். கேட்க வேண்டியவை: நகர விற்பனைக் குழு அமைத்த ஆணையின் நகல், குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு, கணக்கெடுப்பு நடந்த தேதிகளும் வார்டு வாரியான பட்டியலும், 21ஆம் பிரிவின்படி உள்ள தெரு வியாபாரத் திட்டம், 20ஆம் பிரிவின்படி குறைதீர் குழு அமைக்கப்பட்டதா என்ற விவரம். "ஏன் அமைக்கவில்லை" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குத் தகவல் இல்லை என்று பதில் எழுதிவிடுவார்கள். ஆவண நகலை மட்டும் கேளுங்கள்.

அதற்கும் நிற்காமல் இயந்திரத்தைக் கொண்டுவந்தால் அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவில் உயர் நீதிமன்றம், சென்னையோ மதுரைக் கிளையோ. ரிட் மனுவில் முதலில் பார்ப்பது "மனு கொடுத்தீர்களா, எப்போது" என்பதைத்தான். முத்திரை போட்ட பிரதி அங்கேதான் வேலை செய்யும். பெரும்பாலும் "மனுவை இத்தனை வாரத்தில் பரிசீலித்து முடிவெடுக்கவும்" என்றுதான் உத்தரவு வரும். அதுவரை தற்போதைய நிலை தொடர வேண்டும் என்ற இடைக்காலக் கோரிக்கையைத் தனியாகக் கேட்காவிட்டால், பரிசீலனை நடக்கிற அதே வாரத்தில் கடைகள் போய்விடும்.

முக்குக்கடை

ரோடு அகலப்படுத்துவது நிஜமாகவே தேவை என்றால்?

தராசுமுள்

அப்போதும் இடம் மாற்றம்தான், துரத்தல் அல்ல. நிலம் அவசரமாகத் தேவை என்று தெளிவாக இருந்தால் ஒழிய இடம் மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும், மாற்றினால் பாதிக்கப்படும் வியாபாரிகளைத் திட்டமிடலில் சேர்க்க வேண்டும் என்று இரண்டாம் அட்டவணை சொல்கிறது. நெடுஞ்சாலைத் துறை தன் சட்டத்தைக் காட்டும், அதற்கு இந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, முரண்படும் மற்றச் சட்டங்களுக்கு மேல் இது நிற்கும் என்கிறது. வாதம் எப்படி முடியும் என்பது வழக்கைப் பொறுத்தது. மாற்று இடம் கேட்கும்போது நீங்களே இரண்டு இடம் அளந்து சொல்லுங்கள். அதிகாரி தேடினால் மாடியிலோ ஊர்க்கோடியிலோதான் கிடைக்கும். சென்னை பாண்டி பஜாரில் 2013இல் வியாபாரிகளை அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். நடந்து போகிறவர் கண்ணில் பட்டு வாங்குகிற பூவுக்கும் கிளிப்புக்கும் படியேறி யார் வருவார்கள் என்பதை இடம் பார்க்கும்போதே கேட்க வேண்டும். பஸ் நிறுத்தத்திலிருந்து எத்தனை மீட்டர், வழியில் நடமாட்டம் எந்த நேரம் என்று எழுதி இணையுங்கள்.

கூடைத்தாம்பாளம்

எழுபது பேரின் தாளையும் நிரப்பும்போது, கடையில் யார் உட்காருகிறார்களோ அவர் பெயரையே எழுதுங்கள். ஆதார் எண்ணோடு வங்கிக் கணக்கு இணைந்திருக்கிறதா, கைபேசி உயிரோடு இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ராத்திரிக் கடைக்காரர்களின் பட்டியலைத் தனியாக, கடை போடும் நேரத்தோடு கொடுத்து, அந்த நேரத்தில் வந்து கணக்கெடுக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.